மூப்பறியா நாயகரும் முன்வினைப் பொறுப்பும்: அதிநாயகரைப் புதுப்பித்தல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தேதியிட்ட அமெரிக்கச் சித்திரக்கதை இதழொன்றில் பள்ளி மாணவனாக அறிமுகமானவன் பீட்டர் பார்க்கர். ஸ்பைடர்மேன் என்று உலகம் அறிந்த அவன் நாட்காட்டியின் வழி வளர்ந்திருப்பின் இன்று எழுபத்தைந்து வயதைக் கடந்த முதியவனாக இருப்பான். ஆனால் அவன் இன்றும் இளைஞனே. 1938இல் தோன்றிய சூப்பர்மேனுக்கும் 1939இல் தோன்றிய பேட்மேனுக்கும் இதுவே நிலை. அவர்களைப் படைத்தோர் மறைந்துவிட்டனர். அவர்தம் முதல் இதழ்களைக் கையில் வாங்கிய சிறாரும் பெரும்பாலும் மறைந்திருப்பர். கதைமாந்தர் மட்டும் ஒவ்வொரு தலைமுறையின் வாயிலிலும் ஏறக்குறைய அதே வயதினராய் வந்து நிற்கின்றனர். ‘சூப்பர் ஹீரோ’ என்று பரவலாக வழங்கப்பெறும் இவர்களை இக்கட்டுரை அதிநாயகர் எனச் சுட்டுகிறது.

இவர்களைப் புதுப்பிப்பதில் உள்ள இடர்ப்பாடு பொதுவாக வணிகச் சிக்கலாகவே பேசப்படுகிறது. பழைய வாசகரை இழந்துவிடாமல் புதிய வாசகரை ஈர்ப்பது எங்ஙனம் என்பதே பதிப்பகங்களின் கவலை. அக்கவலையின் அடியில் அறவியல் சார்ந்த வினா ஒன்று கிடப்பதாக இக்கட்டுரையாளர் கருதுகிறார். தம் கடந்த காலம் நீக்கப்பட்ட பின்னும் ஒருவர் அவராகவே இருத்தல் இயலுமா? இயலாதெனின், புதுப்பிக்க முனைவோர் எதனைக் காக்கக் கடமைப்பட்டவர்?

தமிழாய்விதழ் ஒன்றில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்கு விளக்கம் கூறவேண்டும். முதுகலை வகுப்பில் தொல்காப்பிய மரபியல் கூறும் முதல்நூல், வழிநூல் ஆகியவற்றைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர், ஸ்பைடர்மேன் கதையை மீண்டும் மீண்டும் முதலிலிருந்து எடுக்கிறார்களே, அவையெல்லாம் வழிநூல்களா என்று வினவினார். வகுப்பில் சிரிப்பெழுந்தது. நானும் சிரித்தேன். விடை கூற முற்பட்டபோதுதான் வினா எளிதானதன்று என்பது புலப்பட்டது. அன்று கூறிய விடை மழுப்பலானது. இக்கட்டுரை அதற்கான ஈடு எனலாம்.

காலமும் கதைமாந்தரும்

இப்பொருள் குறித்துச் சிந்தித்தோரில் இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ முதன்மையானவர். சூப்பர்மேன் பற்றி அவர் 1962இல் இத்தாலிய மொழியில் எழுதிய கட்டுரை 1972இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தொன்ம நாயகன் மாறாதவன். அவனது கதை முன்பே முடிந்துவிட்டது. புதின நாயகனோ நம் கண்முன் வாழ்பவன். ஒவ்வொரு செயலாலும் தன் இறப்பை நோக்கி ஓரடி நகர்பவன். சூப்பர்மேன் தொன்ம நாயகன் போல் மாறாதிருக்க வேண்டும். புதின நாயகன் போல் வாரந்தோறும் புதிதாக ஏதேனும் செய்யவும் வேண்டும். இம்முரணைத் தீர்க்கக் கதைகளுக்கிடையிலான காலவரிசையே மங்கலாக்கப்படுகிறது. லோயிஸ் லேனை அவன் மணந்துகொள்ள இயலாமைக்கும் அதுவே காரணம். திருமணம் காலத்தைச் செலவிடும் செயல் என்பது எக்கோவின் விளக்கம்.

பிற்கால வரலாறு இவ்விளக்கத்தை விந்தையான முறையில் சோதித்தது. 1996இல் சூப்பர்மேனுக்குத் திருமணம் நிகழ்ந்தது. 2011இல் பதிப்பகம் தன் கதையுலகம் முழுவதையும் மறுதொடக்கம் செய்தபோது அத்திருமணம் நிகழாததாயிற்று. 2016இல் மணம் புரிந்து மகனும் பெற்ற சூப்பர்மேன் திரும்பி வந்தார். இருபது ஆண்டுகளில் ஒருவர் மணந்தவராகவும் மணவாதவராகவும் மீண்டும் மணந்தவராகவும் ஆனார். இவற்றுள் ஒன்றேனும் அவர்தம் முடிவால் விளைந்ததன்று.

மாற்றமே கூடாது என்பது நம் கருத்தன்று. 1938இன் சூப்பர்மேன் பறக்கவில்லை, தாவினான். மனைவியை அடிப்பவனையும் ஊழல் அரசியலாளரையும் பாதுகாப்பற்ற சுரங்கத்தின் உரிமையாளரையும் அவன் எதிர்கொண்டான். பொருளாதாரப் பெருமந்தத்தின் கசப்பை அறிந்த இரு இளைஞர்களின் சினம் அக்கதைகளில் உண்டு. சில ஆண்டுகளிலேயே அச்சினம் தணிந்து, சட்டத்தின் காவலனாக அவன் உருமாறினான். அந்தச் சினத்தை மீட்க விழையும் இன்றைய எழுத்தாளரைப் புதுமை விரும்பி என்பதா, மரபு காப்பவர் என்பதா?

அழித்தல்

புதுப்பித்தலின் ஒரு வழி, நிகழ்ந்ததை நிகழாததாக்குவது. 1985-86இல் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்த ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ இதற்குப் பெரும் எடுத்துக்காட்டு. அரை நூற்றாண்டுக் கதைகள் பல்வேறு உலகங்களாகப் பெருகிப் புதிய வாசகர் நுழைய இயலாதபடி சிக்கலுற்றிருந்தன. அவற்றை ஒரே உலகமாகச் சுருக்குவதே நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. எனினும் அதனுள் நிகழ்ந்த ஒன்றை இங்கு நிறுத்தி நோக்கவேண்டும்.

அத்தொடரின் ஏழாம் இதழில் சூப்பர்மேனின் உறவினளான சூப்பர்கேர்ள் போரிட்டு உயிர் துறக்கிறாள். சூப்பர்மேன் அவள் உடலை ஏந்தி அழுகிறார். தொடர் முடிந்து புதிய உலகம் அமைந்தபின், அவள் இறந்தவளாகக்கூட இல்லை. அப்படியொருத்தி பிறந்ததே இல்லை என்றாயிற்று. அவளால் காக்கப்பட்டவர் எவரும் அவளை அறியார். போரில் வீழ்ந்தோரின் பெயரையும் செயலையும் கல்லில் பொறித்து வழிபட்ட மரபினைக் கற்பிக்கும் நமக்கு இது சற்று அதிர்ச்சி தருவது. நடுகல் மரபில் வீரன் உயிரை இழக்கிறான். ஊர் அவனுக்கு நினைவைத் தருகிறது. இங்கு உயிரும் பெறப்பட்டது, நினைவும் மறுக்கப்பட்டது.

இக்குறையைப் பதிப்பகத்தின் உள்ளிருந்தே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. ஆலன் பிரென்னர்ட் எழுதிய சிறுகதையொன்று அதே பதிப்பகத்தின் 1989ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சிறப்பிதழில் இடம்பெற்றது. டெட்மேன் என்னும் ஆவியுரு நாயகன், தான் செய்யும் நன்மையை எவரும் அறியாமை குறித்து மனம் வெதும்பி நிற்கிறான். பிறர் கண்ணுக்குப் புலப்படாத அவனைப் பொன்னிறக் கூந்தலுடைய பெண்ணொருத்தி கண்டு பேசுகிறாள். அறியப்படுவதற்காக எவரும் நன்மை செய்வதில்லை, செய்யவேண்டியிருப்பதால் செய்கிறோம் என்னும் கருத்தை எடுத்துரைக்கிறாள். பெயரைக் கேட்கும்போது காரா என்கிறாள். அது சூப்பர்கேர்ளின் இயற்பெயர். அழிக்கப்பட்டவளின் வாயிலாகவே அழிப்புக்கு விடையளிக்கும் இக்கதை, மறுமைப் பயனை எதிர்நோக்காது ஈந்த ஆய் அண்டிரனைப் புறநானூற்றில் பயின்றவர்க்கு எளிதில் விளங்கும். ஆயினும் ஒன்று: பயன் கருதாமை செய்தவர்க்குப் பெருமை, அதனைக் காரணமாக்கி மறந்துவிடுதல் பெற்றவர்க்குப் பெருமையாகாது.

இரண்டாம் எடுத்துக்காட்டு கடுமையானது. 1987இல் மேரி ஜேனை மணந்த பீட்டர் பார்க்கர், 2007ஆம் ஆண்டு இறுதியில் ‘ஒன் மோர் டே’ என்னும் கதைத்தொடரில் அம்மணத்தை இழந்தான். அவன் தன் முகமூடியைப் பொதுவில் களைந்ததன் விளைவாக, அவனை வளர்த்த மே அத்தை குண்டடிபட்டு உயிருக்குப் போராடுகிறார். மெஃபிஸ்டோ என்னும் பேய்த்தலைவன், திருமணத்தை விலையாகத் தந்தால் அத்தையைக் காப்பதாகக் கூறுகிறான். கணவனும் மனைவியும் இசைகின்றனர். அவர்கள் மணந்த நினைவே உலகிலிருந்து நீங்குகிறது. மணமான நாயகன் மூத்துத் தோன்றுகிறான் என்பது அந்நாளைய தலைமைப் பதிப்பாசிரியர் ஜோ கேசாடா வெளிப்படையாகக் கூறிவந்த காரணம். கதையை எழுதிய ஸ்ட்ரசின்ஸ்கி அதன் முடிவோடு தமக்கிருந்த உடன்பாடின்மையைப் பின்னர் பொதுவில் தெரிவித்தார்.

வாசகர் பலர் சினந்தது மணமுறிவுக்காக என்று எண்ணுதல் மேலோட்டமானது. ஸ்பைடர்மேன் யார்? தப்பியோடும் திருடனைத் தடுக்க இயன்றும் தடுக்காது விட்டவன். அத்திருடனே பின்னர்த் தன் பென் மாமாவைக் கொன்றான் என்பதை அறிந்தவன். செய்யாமல் விட்டதற்கும் பொறுப்பேற்க வேண்டும், விளைவிலிருந்து தப்ப இயலாது என்பதே அவன் பிறப்பின் கருத்து. அத்தகையவன் தன் செயலின் விளைவை ஒரு பேரத்தின் வழி நீக்கிக்கொள்கிறான், நீக்கியதையும் மறக்கிறான். பிரெஞ்சு மெய்யியலார் பால் ரிக்கர் தம் 1990ஆம் ஆண்டு நூலில் ஒருவரது தன்மையை இருவகையாகப் பிரித்தார்: மாறாத இயல்புகளால் ஒருவர் அவராக இருத்தல் ஒன்று, தாம் மாறினும் தந்த சொல்லைக் காத்தலால் அவராக இருத்தல் மற்றொன்று. பதிப்பகம் முதலாவதைக் காத்தது: இளமை, தனிமை, வறுமை, நகைச்சுவை. இரண்டாவதைக் கைவிட்டது. முகமூடியும் உடையும் வயதும் அப்படியே இருக்க, அவற்றை அணிந்திருப்பவன் வேறொருவனாகிவிட்டான் என்பதே அவ்வாசகர் சொல்ல வந்தது எனத் தோன்றுகிறது.

ஏற்றல்

இதற்கு மாறான வழியும் அதே பதிப்பகத்தில் முன்பே நிகழ்ந்துள்ளது. ஜோ சைமனும் ஜாக் கர்பியும் படைத்த கேப்டன் அமெரிக்கா 1941 மார்ச் மாதத் தேதியிட்ட முதலிதழின் அட்டையில் இட்லரை முகத்தில் குத்தினான். 1953-54இல் அவனைப் பொதுவுடைமையரை வேட்டையாடுபவனாக மீட்டெடுத்தனர், கதைகள் நீடிக்கவில்லை. 1964இல் அவன் மீண்டும் வந்தபோது, உலகப்போரின் இறுதியிலிருந்து பனிக்கட்டியில் உறைந்திருந்தான் என்று கூறப்பட்டது. அவ்வாறெனின் 1950களில் கம்யூனிஸ்டுகளைத் தாக்கியவன் யார்? அவ்விதழ்களைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். எட்டு ஆண்டுகள் அவ்வாறே விடப்பட்டன.

1972இல் ஸ்டீவ் எங்கல்ஹார்ட் என்னும் இளம் எழுத்தாளர் நான்கு இதழ்களில் இதற்கு விடை கண்டார். 1950களின் கேப்டன் வேறொரு மனிதன். நாயகன்மேல் கொண்ட பற்றால் அவன் பெயரையும் முகத்தையும் பூண்டவன். (அந்நாயகனைப் பற்றியே ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் பெற்றவன் என்பது நம் துறையினர் புன்முறுவலுடன் ஏற்கவேண்டிய செய்தி.) முறையாகச் செலுத்தப்படாத ஊக்கமருந்தால் மனம் பிறழ்ந்து, காண்போரையெல்லாம் பகைவராக எண்ணத் தொடங்கினான். அரசு அவனை உறையவைத்து மறைத்தது. இப்போது விழித்தெழுந்து உண்மைக் கேப்டனையும் அவன் தோழனான ஃபால்கன் என்னும் கறுப்பினத்தவனையும் தாக்குகிறான். வென்றபின் ஸ்டீவ் ரோஜர்ஸ் மகிழவில்லை. சூழல் சிறிது மாறியிருப்பின் அவனாகத் தானே ஆகியிருக்கக்கூடும் என்று வருந்துகிறான்.

பழிக்குரிய இதழ்களை எங்கல்ஹார்ட் அழிக்கவில்லை. அவை நிகழ்ந்தன என்று ஏற்றுக்கொண்டு, அவற்றை நாயகனின் முன் கண்ணாடியாக நிறுத்தினார். வேறொருவன்மேல் பழியைப் போட்டுத் தப்பித்தல்தானே இது என்று கேட்கலாம். ஓரளவு உண்மையே. ஆயினும் அந்த வேறொருவன் அதே முகத்துடன் வருகிறான் என்பதை மறத்தல் கூடாது.

2003இல் ராபர்ட் மொரேல்ஸ் எழுத, கைல் பேக்கர் வரைந்த ‘ட்ரூத்’ ஏழு இதழ்களில் இன்னும் ஆழமாகச் சென்றது. ஊக்கமருந்துச் சோதனைகள் கறுப்பினப் போர்வீரர்மேல் நடத்தப்பட்டன. அவர்களுள் ஐசையா பிராட்லி என்பவர் கேப்டனின் உடையணிந்து போரிட்டுத் திரும்பிச் சிறையிலடைக்கப்பட்டார் என்பது கதை. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத்துறை, மேகநோயுற்ற ஏறத்தாழ 400 கறுப்பின ஆடவரைச் சிகிச்சையளிக்காமலே கண்காணித்த வரலாறு இதன் பின்புலம். நாயகனின் பிறப்புக் கதையிலிருந்த மருந்து, ஊசி, படைவீரன் ஆகிய எதுவும் மாற்றப்படவில்லை. அம்மருந்து முதலில் யார் உடலில் சோதிக்கப்பட்டிருக்கும் என்ற வினா மட்டுமே சேர்க்கப்பட்டது. அதன்பின் பழைய கதையைப் பழையபடி படித்தல் அரிது. வாசகர் சிலர் இதனைத் தம் நாயகனுக்குச் செய்த அவமதிப்பென்றனர். என் கருத்தில், அந்நாயகன் அறுபதாண்டுகளில் பெற்ற உயரிய மதிப்பு இதுவே; உண்மையைத் தாங்கவல்லவன் என்று அவனை நம்பி எழுதப்பட்ட கதை இது.

வழியும் ஆக்கியோன் பெயரும்

மாணவர் வினவியதற்கு இங்குத் திரும்பலாம். வான்மீகியை வழியாகக் கொண்ட கம்பர் வான்மீகியை இல்லாததாக்கவில்லை. பெருந்தேவனாரின் பாரதமும் வில்லிபுத்தூராரின் பாரதமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. வழிநூல் தொகுக்கலாம், விரிக்கலாம். முதல்நூலின் இருப்பை மறுத்தல் அதன் தொழிலன்று. மறுதொடக்கமோ, முந்தையது இனிக் கணக்கில் இல்லை என்று அறிவிப்பதிலிருந்து தொடங்குகிறது. பழைய இதழ்கள் வீட்டு அலமாரியில் இருக்கத்தானே செய்கின்றன, எவர் எரித்தார் என்று கேட்பர். தாள் எரிக்கப்படவில்லை, எது உண்மையில் நிகழ்ந்தது என்று சொல்லும் உரிமை ஒரு நிறுவனத்தின் கையில் குவிந்திருக்கிறது. பாரதக் கதையைப் பொறுத்து அத்தகைய உரிமை எவரிடமும் இருந்ததில்லை. அதனால்தான் அதனைப் புதுப்பித்தல் நமக்கு எளிதாயிற்று போலும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. சிறப்புப் பாயிரம் கூறவேண்டுவனவற்றுள் ஆக்கியோன் பெயரையும் நூல் வந்த வழியையும் நன்னூலார் முன்வைத்தார். ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றனர். பல்லாண்டுகள் அவர்தம் பெயர் கதைகளில் இடம்பெறவில்லை. வறுமையுற்ற முதுமையில், 1975இல் எழுந்த பொதுமக்கள் குரலுக்குப் பின்னரே ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் பெயர்ப் பதிவும் கிடைத்தன. பேட்மேனை உருவாக்குவதில் பெரும்பங்காற்றிய பில் ஃபிங்கர் 1974இல் மறைந்தார். அவர் பெயர் 2015இல்தான் அலுவல்முறையில் சேர்க்கப்பட்டது. நாயகர்தம் முன்கதையை எளிதாக மாற்றிய கைகளே ஆக்கியோரின் முன்கதையையும் மறைத்தன. இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாக என்னால் காண இயலவில்லை.

பட்டமும் ஊழும்

நாயகனை மூப்படையவிட்டு, பெயரை மட்டும் அடுத்தவர்க்கு அளிப்பது இன்னொரு தீர்வு. லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபேண்டம் இதற்கு முன்னோடி. முகமூடிக்குள் இருப்பவர் இருபத்தொன்றாம் தலைமுறையினர். மக்கள் அவரைச் சாவற்றவர் என நம்புகின்றனர். 1964 முதல் இந்திரஜால் காமிக்ஸ் வழியே தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் இவர் அறிமுகமானார். வங்கத்தை நினைவூட்டிய அவர் நாட்டின் பெயர் இந்தியப் பதிப்பில் டென்காலி என்று மாற்றப்பட்டது. கானகத்து மக்களை வெள்ளையர் ஒருவர் தலைமுறை தலைமுறையாகக் காத்து நிற்கும் அமைப்பு மட்டும் மாறவில்லை. பெயரை மாற்றுதல் எளிது. இதனைப் புதுப்பித்தல் என்று கூறுவது பொருந்தாது.

மைல்ஸ் மொராலஸ் வேறுபட்டவன். 2011இல், வேறொரு கதையுலகின் பீட்டர் பார்க்கர் இறந்தபின், கறுப்பினத் தந்தைக்கும் புவேர்ட்டோ ரிக்கத் தாய்க்கும் பிறந்த இச்சிறுவன் ஸ்பைடர்மேன் ஆனான். முன்னவனின் இறப்பு மெய்யானதாக இருந்தமையால் இவனது தகுதி பற்றிய வினாவும் மெய்யானதாயிற்று. 2004இல் மும்பைச் சிறுவனாக உருவாக்கப்பட்ட பவித்ர பிரபாகருக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. வேட்டி கட்டியும் யோகி ஒருவரிடம் ஆற்றல் பெற்றும் அவன் பீட்டரின் கதையையே பெரிதும் திரும்ப நடித்தான். நான்கு இதழ்களில் கதை முடிந்தது. இடத்தை மாற்றி இழப்பை மாற்றாத புதுப்பித்தல் அது.

இருவரும் சந்திக்கும் 2023ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ நம் வினாவையே கதைக்கருவாக்கியது வியப்புக்குரியது. எல்லா உலகங்களின் ஸ்பைடர்மேன்களும் ஒருசேர அமர்ந்திருக்கும் இடத்தில், அவர்கள் அனைவர்க்கும் சில இழப்புகள் நிகழ்ந்தே தீரவேண்டும் என்று அவர்தம் தலைவன் மிகேல் ஓஹாரா கூறுகிறான்: நெருங்கிய உறவினர் ஒருவரின் சாவு, காவல் அதிகாரி ஒருவரின் சாவு. மாற்ற முயன்றால் உலகம் குலையும். பவித்ரனின் உலகில் சாகவேண்டிய காவல் அதிகாரியை மைல்ஸ் காப்பாற்றிவிடுகிறான், அவ்வுலகம் விரிசலுறுகிறது. காவல் தலைமை அதிகாரியாகப் பதவியேற்க இருப்பவரோ மைல்ஸின் தந்தை.

சிலப்பதிகாரம் பயில்வோர்க்கு ஊழ் என்னும் சொல் உடனே நினைவில் எழும். ஆனால் இந்த ஊழ் எவர் வகுத்தது? அறுபதாண்டுக் கதைத் தொகுதியும் அதனை உடைமையாகக் கொண்ட நிறுவனமும் வகுத்தது. முன்னவர் பட்ட புண்ணையே படுபவன்தான் உண்மையான வாரிசு என்று மரபு கேட்கிறது. புதிய தலைமுறைச் சிறுவன் அந்நாயகனாக ஏற்கப்பட அவன் தந்தை இறந்தாகவேண்டுமா? மேலே அழித்தலைக் கண்டித்த நாம் இங்கு மிகேலின் பக்கம் நிற்க நேருமோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. நிகழ்ந்துவிட்ட இழப்பை மறுத்தல் வேறு. இன்னும் நிகழாத இழப்பை மரபின் பெயரால் வேண்டிநிற்றல் வேறு. பென் மாமாவின் சாவிலிருந்து பீட்டர் கற்றது, காக்க இயன்றபோது காவாதிருத்தல் கூடாது என்பதே. அதனைக் கற்ற நூற்றுக்கணக்கான ஸ்பைடர்மேன்கள், தந்தையைக் காக்க ஓடும் சிறுவனைப் பிடிக்கத் துரத்துகின்றனர். துரத்தப்படுபவன் ஒருவனே அந்தப் பாடத்தை அக்கணத்தில் நினைவில் வைத்திருக்கிறான்.

படம் விடை கூறாமலே முடிகிறது. தந்தை பதவியேற்கும் நாள் நெருங்குகிறது. மைல்ஸ் வேறோர் உலகில் கட்டுண்டு கிடக்கிறான். அவன்முன் நிற்பவனுக்கும் அவன் முகமே வாய்த்திருக்கிறது.